புல் தெரியக் கூட்டிய முற்றம்

எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் மண்ணுக்கடியில் உறைந்துபோனதற்குக் காரணம் என் அம்மாதான். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க வீடு அதிர இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் கணவர் சொல்வார். மூக்கு நுனியோடு நின்றிருந்தால் பரவாயில்லை, அது நாக்கு நுனிக்கும் வந்துவிடும்.

தொண்ணூறுகளின் முற்பகுதி அது. ஸ்காபரோவில் மாடியில்லாத ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிபோயிருந்தோம். கீழே ஒரு பேஸ்மென்ற், முன்னால் ஒரு துண்டுப் புல்தரை, அதன் ஓரமாகக் கார் விடுகிற பாதை. கணவருக்கு மிசிசாகா பக்கம், விமான நிலையத்தில் வேலை. எனக்குக் கிட்டடியில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. இரண்டு பேரும் விடியமுன் புறப்பட்டுவிடுவோம். பகல் முழுக்க அம்மா வீட்டில் தனியாக இருப்பார்.

அம்மா கனடாவுக்கு வந்தது அந்தக் குளிர்காலத்துக்கு முந்தைய கோடையில். உண்மையில் அவருக்கு முன்னால் வந்திருக்க வேண்டியவன் என் தம்பி. எனக்கு ஒரே ஒரு தம்பி. கொழும்புக்குப் போய் அங்கிருந்து என்னிடம் வருவதாக ஏற்பாடு. சண்டையால் தரைப்பாதை மூடிக் கிடந்தது, யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வர அப்போது கிளாலிக் கடல்நீரேரியை வள்ளத்தில் தாண்ட வேண்டும். அவன் வள்ளம் ஏறினான் என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரியும். அந்த வள்ளம் அக்கரைக்குப் போய்ச் சேரவில்லை என்று ஒருவர் சொன்னார். சேர்ந்தது, ஆனால் இறங்கியவர்களில் சிலரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னார். உடல் கிடைக்கவில்லை. விசாரித்த இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். கடைசியில் அம்மாவும் அதே தண்ணீரைத் தாண்டித்தான் என்னிடம் வந்தார். வள்ளம் கரை தட்டும்வரை கண்ணைத் திறக்கவில்லை என்று மட்டும் சொன்னார்.

அம்மாவைப் பொறுத்தவரை தம்பி இருக்கிறான். அதை அவர் வாயால் சொல்வதில்லை. காலையில் எழும்பி முற்றம் கூட்டுவார். எங்கள் பக்கத்தில் விடிந்து வெகுநேரமாகியும் முற்றம் கூட்டாமல் கிடந்தால் தெருவில் போகிறவர்கள் நின்று, என்ன நடந்தது என்று கேட்பார்கள். சாவு விழுந்த வீட்டில்தான் பிரேதம் எடுக்கும்வரை விளக்குமாற்றைத் தொட மாட்டார்கள். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அம்மா அதைத் திருப்பிப் போட்டுத் தனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டார். தான் கூட்டுகிற நாளெல்லாம் இது சாவு வீடு இல்லை. வந்த புதிதில் ஒரு நாள் காய்ச்சலோடு வெளியே இறங்கியவரைத் தடுத்தபோது இதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு நான் தடுக்கவில்லை. ஒரு மனுசி தன் பிள்ளையை உயிரோடு வைத்திருக்க வேறு வழி தெரியாமல் தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அதைப் போய்ப் பிடுங்குவானேன் என்று விட்டுவிட்டேன்.

இலையுதிர்காலத்தில் இதனால் ஒரு கரைச்சலும் வரவில்லை. தெருவிலேயே ஒரு இலைகூட இல்லாத புல்தரை எங்களுடையதுதான். பக்கத்து வீட்டில் மனைவியை இழந்த ஒரு இத்தாலியக் கிழவர் இருந்தார். அவருக்கும் ஆங்கிலம் மட்டுமட்டு, அம்மாவுக்கு அதுவும் இல்லை. வேலிக்கு மேலால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலையை ஆட்டுவார். இப்படியே இரண்டு பேரும் சிநேகமாகிவிட்டார்கள்.

பிறகு பனி வந்தது.

இந்த ஊரில் பனி விழுந்தால் கார்ப்பாதையை வழிப்பார்கள், வாசற்படியை வழிப்பார்கள், நடைபாதையை வழிப்பார்கள். புல்தரையை ஒருவரும் வழிப்பதில்லை. அம்மா புல்தரையையும் வழித்தார். சேலைக்கு மேலே என் கணவரின் பழைய குளிர்ச்சட்டை, காலில் என்னுடைய பூட்ஸ், தலையில் ஒரு கம்பளித் துவாய். முதலில் பனி அள்ளுகிற ஷவலால் தள்ளி ஓரத்தில் குவிப்பார். பிறகு தும்புத்தடியை எடுத்துவந்து மிச்சப் பொடியையும் கூட்டுவார். அடியில் செத்துக்கிடக்கிற மஞ்சள் புல் தெரியும்வரை விடமாட்டார். வேலையால் வரும்போது தெருமுனையிலேயே எங்கள் வீடு தெரிந்துவிடும். எல்லா வீட்டு முன்புறமும் வெள்ளை, எங்களுடையது மட்டும் மொட்டை.

"அம்மா, அது ஸ்னோ. குப்பையில்லை. புல்லிலை கிடந்தால் அது தன்பாட்டிலை கிடக்கும்," என்றேன்.

"முத்தத்திலை கிடந்தால் குப்பைதான் பிள்ளை."

"ஆக்கள் பார்த்துச் சிரிக்கினம்."

"சிரிக்கட்டும். செத்த வீடு எண்டு நினைக்காட்டிச் சரி."

வழிக்கட்டும், உடம்புக்கும் நல்லதுதானே என்றார் கணவர். அவருக்கு எல்லாமே உடம்புக்கு நல்லதுதான்.

அந்த ஆண்டு தை மாதத்தில் பிடித்த குளிர் மனிதர் தாங்குகிற குளிர் இல்லை. மூக்கு மயிர் உறைகிற குளிர் என்று இங்கே சொல்வார்கள், அதுவும் கடந்துவிட்டது. அப்படியொரு காலையில் முகம் கழுவக் குழாயைத் திறந்தேன். தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஒரு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான். குசினியிலும் அப்படித்தான், பேஸ்மென்றிலும் அப்படித்தான். குளிருக்குள் கிணறு வற்றுமா என்று அம்மா கேட்டார். இங்கே கிணறு இல்லை, தெருவுக்கடியில் பெரிய குழாய் போகிறது, அதிலிருந்து நம் முற்றத்துக்கடியால் ஒரு சின்னக் குழாய் வீட்டுக்குள் வருகிறது என்று விளங்கப்படுத்தினேன். அம்மா யன்னலுக்கு வெளியே முற்றத்தைப் பார்த்தார். அன்றைக்குத்தான் தன் காலுக்குக் கீழே அப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியவந்தது.

குழாய் வேலைக்காரன் மத்தியானம் வந்தான். தன் வண்டியை விட்டு இறங்கியவன் வீட்டுக்குள் வரவில்லை. புல்தரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான். பக்கத்து வீட்டைப் பார்த்தான். திரும்பவும் எங்களுடையதைப் பார்த்தான்.

"இங்கே இருந்த பனிக்கு என்ன நடந்தது?" என்று கேட்டான்.

அம்மா கூட்டிவிட்டார் என்றேன். அவன் சிரிக்கவில்லை. பனி கிடந்தால் அது மண்ணுக்குப் போர்வை மாதிரி, குளிர் கீழே இறங்காமல் தடுக்கும் என்றான். பழைய வீடு, குழாயைப் போட்டவர்கள் ஆழமாகப் போடவில்லை, இத்தனை காலமும் அந்தப் போர்வைதான் அதைக் காப்பாற்றியிருக்கிறது. நீங்கள் அதை ஒவ்வொரு நாளும் உரித்தெடுத்திருக்கிறீர்கள் என்றான். இதை அவன் கோபத்தோடு சொல்லவில்லை. பல்வலிக்காரனுக்குச் சொத்தைப் பல்லைக் காட்டுகிற வைத்தியர் மாதிரிச் சொன்னான்.

பேஸ்மென்றில் குழாய் நுழைகிற இடத்தில் ஒரு வயரும் தெருவோரத்தில் குழாய் தொடங்குகிற இடத்தில் ஒரு வயரும் பூட்டி, வண்டியில் இருந்த இயந்திரத்தால் மின்சாரம் பாய்ச்சினான். செப்புக் குழாய் சூடேறி உள்ளே இருக்கும் ஐஸ் உருகும் என்றான். வெகுநேரம் எடுத்தது. பின்னேரம் குசினிக் குழாய் இரண்டு தரம் குலுங்கித் தண்ணீரைத் துப்பியது. முதலில் செம்மண் நிறம், பிறகு தெளிவு. அம்மா குழாய்க்குக் கீழே கையை நீட்டினார்.

போகும்போது அவன் இரண்டு விஷயம் சொன்னான். ஒன்று, குளிர் குறையும்வரை ஏதாவது ஒரு குழாயை நூல் மாதிரி ஓடவிட வேண்டும். மற்றது, இனி விழுகிற பனியைப் புல்லிலிருந்து எடுக்கவே கூடாது. அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"அப்ப ஸ்னோ அப்பிடியே கிடக்க வேணுமோ?"

"ஓம்."

"முத்தம் முழுக்கவோ?"

"ஓம் அம்மா. வின்ரர் முடியுமட்டும்."

அம்மா துவாயை மடித்தார். விரித்துத் திரும்பவும் மடித்தார்.

குழாய் ஓடுவது அவருக்கு ஒரு தனி வேதனை. துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த ஊர்க்காரிக்கு, வீணாய் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்க முடியும்? வீட்டில் இருந்த சட்டி, பானை, ஐஸ்கிறீம் டப்பா எல்லாவற்றிலும் பிடித்து வைத்தார். சாமியறையிலும் ஒரு வாளி நின்றது. கால் வைக்க இடமில்லை என்று நான் கத்தினேன். ஆனால் குழாயை அவர் மூடவில்லை. அதைச் சொன்னபடி செய்தார்.

பனி விழுந்தது. முதல் நாள் கூட்டவில்லை. மறுநாளும் கூட்டவில்லை. சமைத்தார், ஆனால் சாப்பிடவில்லை. ரெலிபோன் மணி அடித்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். எடு என்றும் சொல்லாமல், எடுக்காதே என்றும் சொல்லாமல் என் முகத்தையே பார்ப்பார். நான் எடுத்து, தொழிற்சாலையிலிருந்து, சும்மா என்று சொன்ன பிறகுதான் மூச்சு விடுவார். ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் நினைப்பேன். ஆனாலும் வாயைத் திறந்தால் வந்தது வேறு. "ஒரு குழாய்க்கு ஏன் இந்தப் பாடு" என்பதுதான் வந்தது.

அந்தக் கிழமை முடியுமுன் ஒரு நாள் வேலையால் வந்தேன். தெருமுனையிலிருந்து பார்த்தேன். எல்லா வீடும் வெள்ளை. எங்கள் முற்றத்தில் மஞ்சள் புல் தெரிந்தது.

மறுநாள் விடிய, நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றுவிட்டது. அதே மனிதன் திரும்ப வந்தான். மின்சாரம் பாய்ச்சினான். இந்த முறையும் தண்ணீர் வந்தது, ஆனால் குழாயால் இல்லை. பேஸ்மென்ற் சுவரால் கசிந்து வந்தது. மண்ணுக்குள் குழாய் வெடித்துவிட்டது, தெருவோரத்தில் தண்ணீரை அடைத்துவிட வேண்டும், முழுக் குழாயையும் தோண்டி மாற்ற வேண்டும், அதுவும் இப்போது முடியாது, மண் கல்லாகிக் கிடக்கிறது, குளிர் தணியட்டும் என்றான். தோண்டுகிற நாள்வரை பனியைத் தொடாதீர்கள், தொட்டால் இன்னும் ஆழத்துக்கு உறைந்துவிடும் என்று என்னிடம் சொல்லாமல் நேரே அம்மாவைப் பார்த்துச் சொன்னான். அம்மாவுக்கு மொழி தெரியாவிட்டாலும் விளங்கியது.

அவன் போனதும் நான் கத்தத் தொடங்கினேன். இந்தக் குளிரில் தண்ணீர் இல்லாமல் இருக்கிறோம் என்றேன். சொன்னால் கேட்க ஏலாதா என்றேன். கணவர் நடுவில் வந்து, "கத்தினது காணும், விடும்" என்றார். நான் அவரைத் தள்ளிவிட்டுக் கேட்டேன்:

"நீங்கள் கூட்டினால் அவன் வந்திடுவானோ?"

அம்மா என்னைப் பார்த்தார்.

"கூட்டாட்டி?" என்றார்.

நான் கேட்டதற்காக இன்றைக்கும் நான் வருந்தவில்லை. எங்கள் வீட்டில் அதை யாராவது ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டுத்தான் ஆகவேண்டியிருந்தது. அந்த வேலை எப்போதும் போல என் தலையில் விழுந்தது. கணவர் கோட்டை மாட்டிக்கொண்டு, தண்ணீருக்கு வழி பார்க்கிறேன் என்று வெளியே போனார்.

வழி பக்கத்து வீட்டில் இருந்தது. இத்தாலியக் கிழவர் ஒரு நீளமான ரப்பர் ஹோஸை எடுத்து வந்தார். தன் வீட்டு வெளிக்குழாயில் ஒரு முனையையும் எங்கள் வீட்டு வெளிக்குழாயில் மறுமுனையையும் பூட்டினார். அவர் வீட்டுத் தண்ணீர் எங்கள் வீட்டுக் குழாய்களால் வந்தது. எங்கள் பக்கம் ஒரு குழாய் எந்நேரமும் ஓட வேண்டும், நின்றால் ஹோஸ் உறைந்துவிடும். ஹோஸ் முன் புல்தரைக்குக் குறுக்கே கிடந்தது. அது குளிராமலிருக்க அவர் தன் பக்கத்துப் பனியை ஷவலால் அள்ளி வந்து எங்கள் முற்றத்தில் கொட்டி மூடினார். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தான் அள்ளி எறிகிற பனியை இன்னொருவர் கொண்டுவந்து தன் முற்றத்திலேயே கொட்டுகிறார், அதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டும். அம்மா கைகூப்பினார். கிழவரும் ஷவலைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

அதன் பிறகு அம்மா முற்றத்தில் கை வைக்கவில்லை. நான் கத்தியதால் என்று நினைத்தால் அது பிழை. அடுத்த வீட்டுக்காரர் தருகிற தண்ணீர், அதற்குக் கெடுதல் செய்ய அம்மாவால் முடியாது. பனிக்கு மேல் பனி விழுந்தது. எங்கள் முற்றமும் மற்ற முற்றங்களைப் போல ஆகிவிட்டது. தெருமுனையில் நின்று பார்த்தால் எது எங்கள் வீடு என்று தெரியவில்லை. நான் விரும்பியது அதைத்தான். ஆனாலும் வேலையால் வருகிற ஒவ்வொரு பின்னேரமும் அதைக் கண்டதும் நடையை எட்டிப் போட்டேன். அது ஏன் என்று யோசிக்க எனக்குப் பயமாக இருந்தது. சமையலைப் பற்றி, சம்பளத்தைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி யோசித்துக்கொண்டு கதவைத் திறப்பேன்.

அம்மா அந்தக் கிழமைகள் முழுக்க யன்னலோரம் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பனியைப் பார்க்கவில்லை. செய்திக்குக் காத்திருந்தார். கூட்டாமல் விட்டாயிற்று, இனி அது வரும் என்று இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், கொழும்பிலிருந்து ஒருவர், இங்கே யாரோ ஒருவர் வந்து நின்று தலையைக் குனிந்துகொண்டு சொல்வார் என்று எதிர்பார்த்தார். மாசி போனது. ஒருவரும் வரவில்லை.

பங்குனியில் குளிர் கொஞ்சம் இளகியதும் தோண்ட வந்தார்கள். சின்ன இயந்திரம் ஒன்று, இரண்டு ஆட்கள், அந்தக் குழாய் வேலைக்காரன். பனியை வழித்து ஒதுக்கிவிட்டுத் தரையை உடைத்தார்கள். மேல்மண் இன்னும் உறைந்துதான் இருந்தது. பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. அதற்குக் கீழேதான் ஈர மண். தெருவோரத்திலிருந்து வீட்டுச் சுவர்வரை ஆளை மறைக்கிற ஆழத்துக்கு ஒரு நீட்டுக் கிடங்கு. நான் அன்று லீவு எடுத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மா வெளியே வந்து கிடங்கின் விளிம்பில் நிற்கிறார்.

ஊரில் எங்கள் வீட்டு வளவில் தம்பி ஒரு பங்கர் வெட்டியிருந்தான். குண்டு போட விமானம் வருகிற சத்தம் கேட்டால் ஓடி இறங்க. நான் அதைப் பார்த்ததில்லை, அதற்கு முன்பே நாட்டைவிட்டு வந்துவிட்டேன். கடிதத்தில் மட்டும் தெரியும். அம்மா கிடங்குக்குள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"அவன் இதைவிட வடிவாய் வெட்டினவன். மூலை எல்லாம் நேராய் இருந்தது. படியும் வைச்சவன், எனக்கு முழங்கால் ஏலாதெண்டு."

குழாய் வேலைக்காரன் நிமிர்ந்து, அம்மா என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டான்.

"நன்றாகத் தோண்டுகிறீர்கள் என்கிறார்," என்றேன்.

அவன் தொப்பியைத் தொட்டு அம்மாவுக்கு நன்றி சொன்னான். விளிம்பு இடியலாம், தள்ளி நிற்கச் சொல்லுங்கள் என்றான். நான் போய் அம்மாவின் கையைப் பிடித்தேன். அம்மா என் பக்கம் பார்க்காமல் கேட்டார்: "கடலுக்கை எங்கை வெட்டுறது பிள்ளை?" நான் அவரை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். தம்பி கடலோடு போயிருக்கலாம் என்பதை அம்மாவின் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். தேத்தண்ணி போட்டு வேலைக்காரர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பழைய குழாயை எடுத்துக் காட்டினார்கள். விரல்நீளத்துக்கு வாய்பிளந்திருந்தது. புதுக்குழாயை நன்றாகக் கீழே இறக்கிப் போட்டார்கள். அதற்கு மேலே குளிர் இறங்காமல் நுரைப்பலகை வைத்து மண்ணை மூடினார்கள். கிழவர் வந்து தன் ஹோஸைச் சுருட்டிக்கொண்டு போனார். குழாய் வேலைக்காரன் போகும்போது அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். இனிப் பயமில்லை, அடுத்த குளிர்காலம் எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம் என்று சொல்லுங்கள் என்றான். சொன்னேன். அம்மா தலையை ஆட்டினார்.

கோடை வந்தது. புல்விதை தூவியிருந்ததால் முளைக்கும்வரை யாரும் கால் வைக்கவில்லை. முளைத்த பிறகும் அம்மா முன்போல் இறங்கவில்லை. காலையில் எழும்பிக் கதவைத் திறந்து பார்ப்பார், திரும்பிவந்து அடுப்பைப் பற்றவைப்பார். இலையுதிர்காலத்தில் இலையெல்லாம் என் கணவர்தான் கூட்டினார். மாமிக்கு முழங்கால் சரியில்லை என்று எனக்குச் சமாதானம் சொன்னார். நானும் முழங்கால் என்றே நம்பினேன். நம்பத்தானே வேண்டும்.

முதல் பனி ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. மூன்று பேரும் வீட்டில் இருந்தோம். கணவருக்குச் சந்தோசத்தில் ஒரே புளுகம். ஷவலையும் தும்புத்தடியையும் எடுத்துவந்து கதவோரம் சாத்தினார்.

"மாமி, இந்தமுறை உங்கடை விருப்பம்போலை கூட்டுங்கோ. பைப் ஆழத்திலை கிடக்கு. ஒண்டும் செய்யாது."

அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலால் பார்த்தார்.

"வேண்டாம் தம்பி. கிடக்கட்டும்."

"ஏன் அம்மா? கூட்டலாம் எண்டு அவன் சொன்னவன்தானே," என்றேன். என் குரல் ஏன் அப்படி உயர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"போன வின்ரரிலை கூட்டாமல் விட்டனான் பிள்ளை. செய்தி வந்திடும் எண்டு பயந்துகொண்டு இருந்தனான். வரேல்லை." கோப்பையை மேசையில் வைத்தார். "பிறகுதான் விளங்கினது. வாறதுக்கு ஒண்டும் மிச்சமில்லை. அது எப்பவோ முடிஞ்சுது. நான்தான் கூட்டிக்கொண்டு திரிஞ்சனான்."

கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. கதவோரம் இருந்த ஷவலை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினேன். குளிர்ச்சட்டை போடவில்லை. வீட்டுச் செருப்போடு இறங்கிவிட்டேன். முற்றத்தின் நடுவில் போய் நின்று வழிக்கத் தொடங்கினேன். எனக்குக் கோபம். அம்மாமீது இருந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவர் கூட்டுவார் என்ற தைரியத்தில்தானே நான் கத்திக்கொண்டு திரிந்தேன். வீட்டில் ஒருவர் அவனை வைத்திருந்தபடியால்தானே நான் வேலைக்குப் போனேன், சமைத்தேன், சண்டை பிடித்தேன், இரவில் படுத்துத் தூங்கினேன். இப்போது அவர் கையை எடுத்துவிட்டால் அவனை யார் பிடித்திருப்பது? வழித்த இடத்தில் திரும்பவும் விழுந்துகொண்டே இருந்தது. புல் தெரியவில்லை. ஷவலை எறிந்துவிட்டுக் கையால் தோண்டினேன்.

அம்மா பின்னால் வந்து என் தோளைப் பிடித்தார்.

"விடு பிள்ளை."

"நீங்கள் உள்ளுக்குப் போங்கோ."

"விடு. தம்பி வரமாட்டான்."

நான் அந்தப் பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் பெயரைச் சொல்லிக் கத்தி அழுதேன். காணாமல்போன செய்தி வந்த நாளிலிருந்து நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. இழவு வீட்டில் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுவார்களே, அப்படி, தெருவெல்லாம் கேட்க அழுதேன். கணவர் கதவடியில் நின்றார். அம்மா அழவில்லை. எனக்குப் பக்கத்தில் அவரும் குந்தி, என் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அங்கிருந்தபடியே கணவரைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, ஐயரைக் கேட்டு ஒரு நாள் பாருங்கோ. அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்து விடுவம்."

அன்று எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை.